ஒரு நாள் நினைவகம் போதும்

வீட்டுப் பேச்சையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் கணினிக்கு, சோதனைக்காகப் பத்து வருட நினைவகத்தைப் பொருத்தியிருந்தார் கடைக்காரர். ஒரே மாதத்தில் வம்பு வந்தது.

“இந்த மாதிரி வத்தக்குழம்பு நீ வெச்சதே இல்ல, செண்பகா” என்றார் சிதம்பரநாதன்.

“போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள்” என்றது கணினி.

அதன்பிறகு அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகத் தொடங்கினார். செண்பகத்துக்குச் சமையலே வெறுத்துப்போனது.

கடைக்காரர் திரும்ப வந்தார். “இதையே வெச்சுக்கறீங்களாம்மா, இல்ல இருபது வருஷத்துது போட்டுரட்டுமா?”

“ஒரு நாளுக்கு உள்ளது போதும். மிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கும்.”

அடுத்த வாரம் மறுபடி வத்தக்குழம்பு.

“இந்த மாதிரி நீ வெச்சதே இல்ல, செண்பகா.”

கணினி வாய் திறக்கவில்லை.

“அப்படியா?” என்று புதிதாகக் கேட்பவளைப்போல இன்னொரு கரண்டி ஊற்றினாள் செண்பகம்.