பெஞ்சில் விழுந்த சிவப்பு

சுண்டெலி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய் விழுந்ததும் மைதானமே எழுந்து நின்று கத்தியது.

கால்பந்து இறுதிப் போட்டியில் முதல் கோல். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. கோச்சுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்காதா பின்னே? கோல் போட்டவள், அணியே சுண்டெலி என்று கூப்பிடும் அவள் அக்கா பெண். மற்றவர்களுக்குத்தான் கோச், சுண்டெலிக்குச் சித்தி.

அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் கிர்ரென்று அதிர்ந்தது.

ஆட்டக்காரிகள் நெற்றியில் கட்டியிருக்கும் பட்டைக்குள் ஒரு சின்னக் கருவி உண்டு. தலையில் பலமாக அடிபட்டால் அது யாருடைய பட்டை என்று போனில் சிவப்பாகக் காட்டும். சிவப்பு வந்தால் அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரியும் வெளியே வந்துவிட வேண்டும். கோச் போட்ட சட்டம்.

சிவப்பு, ஊமைக்கொட்டான் பேரில் இருந்தது.

அவளோ மாற்று ஆட்டக்காரி. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பந்தைத் தொடக்கூட இல்லை.

சனியன் பிடித்த கருவி என்று முனகிக்கொண்டே கோச் போனைப் பைக்குள் போடப் போனாள்.

ஆனால் எல்லோரும் துள்ளிக் குதிக்கிறபோது ஊமைக்கொட்டான் மட்டும் ஏன் தலையைத் தூக்க மாட்டேன் என்கிறாள்?

ஒரே அதட்டலில் கக்கிவிட்டாள். உடை மாற்றும் அறையிலேயே அவளும் சுண்டெலியும் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டார்களாம். சிவப்பு வந்தாலும் பெஞ்சில் இருப்பவள் பேரில் வரட்டும், நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பேன் என்று சுண்டெலி செய்த ஏற்பாடு.

கோச் போனைப் பெஞ்சில் போட்டாள். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கோட்டைத் தாண்டி ஓடினாள். ஜெயிக்கிற நேரத்தில் கோல் போட்டவளையே வெளியே இழுக்கிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று பெற்றவர்கள் கூட்டம் ஏசியது. ஏசட்டும். முரண்டு பிடித்தவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

பதிலுக்குப் போன ஊமைக்கொட்டான் செய்த பாவத்தைக் கழுவுகிற மாதிரி ஓடி ஓடித் தடுத்தாள். எதிரணியின் பருப்பு வேகவில்லை. விசில் ஒலித்தது. ஜெயித்தாயிற்று!

மைதானத்திலிருந்த டாக்டர் சுண்டெலியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல வேளை, இதற்கு மேல் இன்னொரு இடி வாங்கியிருந்தால் பெரிய ஆபத்து என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் சுண்டெலி மடியிலிருந்த கோப்பையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"யாரு சித்தி கோல் போட்டது?"

கோச் அவள் பக்கம் திரும்பினாள். "நீதான்டி."

சுண்டெலியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நிஜமாவா, நிஜமாவா என்று சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அடுத்த தெரு திரும்புவதற்குள் மறுபடியும் அதையே கேட்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று கூட வந்த நர்ஸ் சொன்ன பிறகுதான் கோச்சுக்கு உயிர் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் கேட்கக் கேட்க, சித்தி சலிக்காமல், அப்போதுதான் கோல் விழுந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.