கடைசிக் கொக்கி

“இது வேண்டாம்மா. இதைவிடப் பெரிசு எடுத்துப் போடு,” என்றாள் பெரியவள்.

அவள் குரலே அப்படித்தான். துணிக்கடையில் பக்கத்தில் துண்டு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னவளுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஒன்பது மாத வயிறோடு அதற்கும் வழியில்லை.

ஃபீடிங் பிரா வாங்கக் கணவனோடு வரத்தான் அவள் நினைத்திருந்தாள். மாமியார் விடவில்லை; மூத்த மருமகளைத்தான் கைகாட்டினாள். “பெரியவளைக் கூட்டிட்டுப் போ. பிள்ளைக்கு ரெண்டு வருஷம் பால் குடுத்தவ. அவளுக்குத் தெரியாததா?”

அந்த ரெண்டு வருஷக் கதையை இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து மாமியார் வாயால் சின்னவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “கதவைச் சாத்திக்கிட்டுத்தான் குடுப்பா. அவ்வளவு அடக்கம். பையன் எப்படி இருக்கான் பாரு, தாய்ப்பால் உடம்பு. இவளும் இருக்காளே, குச்சிக்குத் துணி சுத்தின மாதிரி. இவளுக்கு என்னத்த வரப் போகுதோ.”

பெரியவள் அப்போதெல்லாம் வாயே திறக்க மாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை எடுத்துப் போவாள். பெருமை தாங்காமல் குனிகிறாள் என்றுதான் சின்னவளுக்குத் தோன்றும்.

‘சாமி, எனக்கு எந்த வலி வந்தாலும் சரி. என் பிள்ளை வாய்க்கு மட்டும் குறை வைக்காதே.’ இந்த ஒரு மாதமாக அவளுடைய ஒரே வேண்டுதல் அதுதான்.

கழுத்தில் அளவு டேப்போடு நின்ற கடைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள். “கம்பி இல்லாததா எடுங்க. இப்ப இருக்கறதுலயே தளர்வான கடைசிக் கொக்கியில வசதியா நிக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு வத்தும், உள் கொக்கிக்கு மாத்திக்கலாம். பால் இறங்கும்போது நிரம்பும், அதனால மேல கொஞ்சம் இடம் இருக்கட்டும்.”

“கேட்டுக்கோ,” என்றாள் பெரியவள். தன் கைப்பையை இடது கையில் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டாள். வலது கையால் பிராவின் முன்பக்கக் கிளிப்பைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். “இது சரிப்படாது. பிள்ளை வீல்னு கத்தும்போது இன்னொரு கையைத் தேடிட்டு இருக்க முடியுமா? வேற காட்டு.”

துண்டு பார்த்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

சின்னவள் கையில் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். இளநீலம், கச்சிதமானது. “எனக்கு இது போதும்க்கா.”

“சின்னதும்மா அது.”

“எனக்கு அவ்வளவுதான்க்கா. பெரிசா வாங்கிட்டுப் போய் அது நிரம்பலைன்னா எல்லாரும் சிரிக்கிறதுக்கா?”

வார்த்தை விழுந்த பிறகுதான் அதன் சூடு தெரிந்தது. சின்னவள் விறுவிறுவென்று டிரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு கடைசிக் கொக்கியை ஒருவழியாக மாட்டினாள். மாட்டியதும் மூச்சு விட முடியவில்லை. பரவாயில்லை, பழகிவிடும்.

“மாட்டிட்டியா? நான் வரேன்.” பதிலுக்குக் காத்திராமல் பெரியவள் உள்ளே வந்தாள். சின்னவளின் முதுகுப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை.

கண்ணாடியில் பெரியவளின் முகம் வெளிறியது.

“கழட்டு.” குரல் இப்போது கிசுகிசுப்பாக இருந்தது. “இப்படிக் கட்டுக்கோப்பா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. பிள்ளை பெத்த பிறகும் பழசையே இறுக்கி மாட்டிட்டுத் திரிஞ்சேன். பால் கட்டிப்போய்க் கல்லாட்டம் ஆயிடுச்சு. தூக்கிப் போடற ஜுரம். கடைசியில ஆஸ்பத்திரியில கீறி சீழ் எடுத்தாங்க.”

“உங்களுக்காக்கா?” சின்னவள் திரும்பினாள். “ஜுரம்னு ஆஸ்பத்திரிக்குப் போனதா மட்டும்தானே அத்தை சொல்வாங்க. அப்புறம் எப்படி ரெண்டு வருஷம்…”

பெரியவள் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது. மாமியார். அந்த அம்மாள் பேசினால் போனைக் காதில் வைக்கவே தேவையில்லை.

“எடுத்தாச்சா? ரொம்ப வாங்கிக் குவிக்காதே. சின்னவளுக்குச் சின்னதா ஒண்ணு ரெண்டு போதும். உன்னை மாதிரி குடுக்க அவளுக்கு எங்கே கொடுத்து வச்சிருக்கு?”

சின்னவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பெரியவள் அந்த முதுகைப் பார்த்தாள். இறுக்கிய பட்டையின் தடம் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. அதை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துவிட்டாள். ஏழு வருஷமாகத் தட்டுகளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போன பேச்சு, வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“என்ன, பேச்சையே காணோம்? லைன்ல இருக்கியா?” என்றாள் மாமியார்.

“இருக்கேன் அத்தை,” என்றாள் பெரியவள், தன் பழைய குரலில், துண்டுக்காரப் பெண்களுக்கும் கேட்கும்படி. “உங்க பேரனுக்கு நான் பால் குடுத்தது பத்தே நாள். மீதி ரெண்டு வருஷமும் கதவைச் சாத்திக்கிட்டுக் குடுத்தது புட்டிப்பால்.”