பச்சைக் கொடி

பூங்காவின் பொம்மை ரயிலில் டிரைவர் சவரிமுத்து வைத்ததுதான் சட்டம். ஏறியவர்களிலேயே ஆகச் சின்னப் பிள்ளையின் கையில் பச்சைக் கொடியைக் கொடுப்பார். அது அசைந்தால்தான் வண்டி நகரும். அன்றைக்குக் கொடி இரண்டு வயது இதழினியிடம் போனது. அவள் ஆட்டவில்லை.

“அவ இன்னும் பேச ஆரம்பிக்கலைங்க. வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க,” என்றாள் அவள் அம்மா, கூசிப்போய்.

“பேசவா சொன்னேன்? ரயில் கார்டுன்னா கொடி காட்டினாப் போதும்மா.”

பின்பெட்டிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்த அப்பாக்கள் முனகினார்கள். ஒருவர் கைதட்டிக்கூடப் பார்த்தார். இதழினி திரும்பவே இல்லை. அவள் எதைத்தான் பார்க்கிறாள் என்று சவரிமுத்துவும் எட்டிப் பார்த்தார். தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், முதுகில் ஒரு குழந்தையோடு மட்டக்குதிரை நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். ரயில் போன பிறகுதான் அது கடக்கும். கயிற்றைப் பிடித்து நடக்கும் ரசாக் நில் என்று சொல்லக்கூட வேண்டாம், தானாகவே நின்றுவிடும்.

இதழினி இருக்கையில் எழுந்து நின்றாள். கொடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, குதிரையைப் பார்த்து ஆட்டினாள்.

முனகல் அடங்கிவிட்டது. “அடி என் தாயி!” என்று சவரிமுத்து என்ஜினிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ரசாக் கயிற்றைச் சுண்டவில்லை. குதிரை ரயிலைப் பார்த்தது. கொடியைப் பார்த்தது. பிறகு மெல்ல ஒரு முன்னங்காலைத் தூக்கியது.