முதல் வருஷ இடுப்பு

"இடுப்பைப் பிரிச்சு விடணும்" என்று நூலகர் பேன்ட்டைத் தையல்கடை மேசைமேல் வைத்தார். ஆறு மாதத்தில் இது மூன்றாவது முறை.

தையற்காரருக்கு வாய் சும்மா இருக்காது; நூலகரின் மகனைப் பற்றி விசாரித்தார். "தம்பி ஹாஸ்டலுக்குப் போயும் ஆறு மாசந்தானே சார் ஆகுது?"

"ஆமா."

"அதான் பார்த்தேன். காலேஜ்ல முதல் வருஷம் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் ஊதிப்போகுதுங்க. கேக்க ஆள் கிடையாது. கண்ட நேரத்துல கண்டதையும் உள்ள தள்ள வேண்டியது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க சார்."

நூலகர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"இனிமே குத்துமதிப்பா பிரிக்க முடியாது. லீவுக்கு வந்தா தம்பியை வரச் சொல்லுங்க, அளவெடுத்துருவோம்."

நூலகர் தோள்பையை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எடுங்க."

தையற்காரர் டேப்பும் கையுமாக விழித்தார். "இது உங்க பேன்ட்டா சார்? அப்போ தம்பி?"

"அவன் பாதியா இளைச்சுட்டான். எங்க வீட்ல அவன் அம்மா இன்னும் மூணு பேருக்குத்தான் சமைக்கிறா. குறைச்சுப் போட கை வரமாட்டேங்குதாம். அவன் பங்கு மிஞ்சிப்போனா அந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பார்த்து அழறா. அதான் நான் மிச்சம் வைக்கிறதில்ல."

டேப் தொப்பையைச் சுற்றி வந்து நின்றது. தையற்காரர் எண்ணைப் பார்த்தார். பேன்ட்டின் உள்தையலைப் புரட்டிப் பார்த்தார்.

"படிப்பு மொத்தம் எத்தனை வருஷம் சார்?"

"நாலு."

"அவ்வளவுக்கு இதுல துணி இல்ல சார்" என்று பேன்ட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "புதுசாவே தைச்சிருவோம்."