பாவாடை ஓரம்

"இன்னொரு தடவை அறுக்கணும்னாலும் பரவாயில்ல டாக்டர், இப்பவே செஞ்சுடுங்க" என்றார் தையல்காரர்.

டாக்டர் அப்போதுதான் அறைக்குள் நுழைந்திருந்தார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் விடுப்பில் இருந்ததால், இந்தக் குடும்பத்தை அவர் இன்றுதான் முதன்முறை பார்க்கிறார். அப்பா, அம்மா, நடுவில் காலை ஆட்டிக்கொண்டு பாப்பா. மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல நான் உட்கார்ந்துக்கறேன். என்ன ஆச்சு?"

"திரும்பவும் சாய்ஞ்சு நடக்கறா."

"இவர் கண்ணுக்கு மட்டும்தான்" என்றாள் அம்மா. "எங்கிட்ட நேராத்தான் நடக்கறா. ஓடறா, கட்டில்லேர்ந்து தாவறா, வீடே ரெண்டுபடுது."

"நீ எங்க பார்த்தே? விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பிடறே. ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறவன் நான். பாவாடை நான் தைச்சது, ஓரம் நான் மடிச்சது. அது ஒரு பக்கம் இறங்கி இறங்கி ஏறுது. எனக்குத் தெரியாதா?"

டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பிறவியிலேயே இடுப்புக் கிண்ணத்தைவிட்டு விலகியிருந்த இடது தொடை எலும்பு. ஆபரேஷன் செய்து அதை உள்ளே வைத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டுக் குழந்தையை வாரக்கணக்கில் படுக்கவைத்திருந்தார்கள். இப்போது எலும்பின் உருண்டை கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"அருமையா சேர்ந்திருக்கு. ஏன் இவ்வளவு பயப்படறீங்க?"

"ஸ்கூல்ல பட்டப்பேர் வெச்சுடுவாங்க டாக்டர். வெச்சா அது சாகறவரைக்கும் போகாது. பின்னாடியே வந்து அதே மாதிரி நடந்து காட்டுவாங்க. நாலு பேர் கூடற இடத்துக்குப் போகவே கால் கூசும்." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அதுக்காக மறுபடி மாவுக்கட்டா? எம்பொண்ணு பட்டதெல்லாம் போதும்" என்றாள் அம்மா.

"சண்டை வேண்டாம். கண்ணு, கொஞ்சம் நடந்து காட்டு."

பாப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். நூல் பிடித்த மாதிரி நடை.

"பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"கேடி. உங்களைப் பார்த்ததும் நடிக்கறா" என்றார் தையல்காரர். "என்கூட வரும்போது பார்க்கணும்."

"அதுக்கென்ன, நீங்களே கூட்டிட்டு நடங்க."

தையல்காரர் தயங்கினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

சின்ன வயதில் யாரும் சரிசெய்யாமல் விட்ட அவருடைய இடது இடுப்பு அடிக்கு அடி சரிய, உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அவர் முகத்தையே பெருமையாகப் பார்த்தபடி, ஓர் அடிகூடப் பிசகாமல் அவரோடு சேர்ந்து சாய்ந்து நடந்தாள்.