நர்ஸ் பொண்ணுக்காக ஒரு ஜெபம்

"பொண்ணு என்ன உயரம் இருப்பா?"

ஏட்டையா நோட்டைப் பிரித்துப் பேனாவை உதறினார். போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும், சட்டைப்பையில் நோட்டு இல்லாமல் ஜெபக் கூட்டத்துக்குக்கூட வரமாட்டார்.

"அஞ்சே கால் அடி இருக்கும்," என்றாள் தையல்காரி. சொல்வதற்குள் இரண்டு தடவை யோசித்தாள்.

"கடைசியா என்ன உடுத்தியிருந்தா?"

"வெள்ளை யூனிஃபார்ம். இடது கைப் பக்கம் தையல் விட்டிருக்கும்." இதை மட்டும் யோசிக்காமல் சொன்னாள். தொழில் புத்தி.

"கடத்தினது யாரு?"

"அவ வேலை பார்த்த ஆஸ்பத்திரி டாக்டருங்க."

"நாசமாப் போறவன்!" பேக்கரிக்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பிள்ளை நிலவறையில இடுப்பளவு தண்ணியில நிக்குது. எனக்கு எப்படிக்கா பன்னு உள்ள இறங்கும்?" இரண்டு நாளாக அவள் உபவாசம். அதுவும் சுடச்சுட பன் வெந்துகொண்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று.

ஏட்டையா நோட்டை மூடினார். "நாளைக்குக் காலையில பத்து மணி. பாஸ்டரும் நானும் ஸ்டேஷனுக்குப் போறோம். நீங்களும் வந்து புகார்ல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

தையல்காரி எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? ஏனென்றால் அந்த நர்ஸ் பொண்ணு அடைபட்டிருந்தது ஒரு நாவலில். இருபதாம் அத்தியாயத்தில்.

ஜெபக் கூட்டம் நடக்கும் ஹாலின் மூலையில் ஒரு புத்தக அலமாரி. பாஸ்டர் பார்த்துப் பார்த்து, இரண்டிரண்டு பிரதியாக வாங்கி அடுக்கியிருக்கும் மர்ம நாவல்கள் என்றால் அவளுக்கு உயிர். கொலை உண்டு, கெட்ட வார்த்தை கிடையாது. கடத்தல் உண்டு, கட்டிப்பிடித்தல் கிடையாது. முன்னூறு பக்கம் நெஞ்சைப் பதறவைத்துவிட்டு, முடிவில் வில்லனையே முழங்கால் போட வைத்துவிடுவார்கள். பயந்த மாதிரியும் ஆச்சு, பக்தியாக இருந்த மாதிரியும் ஆச்சு.

போன வாரம் இந்த நாவலை மடியில் வைத்துக்கொண்டே தைத்ததில், ஒரு பேங்க் மேனேஜருடைய பேண்ட்டின் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து மூட்டிவிட்டாள். அவரும் பாவம், போட்டுப் பார்க்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமைக் கூட்டத்தில், "யாருக்காவது விசேஷமா ஜெபிக்கணுமா?" என்று பாஸ்டர் கேட்டபோது அவள் மனசு நிலவறையில் இருந்தது. "ஒரு நர்ஸ் பொண்ணுங்கய்யா, டாக்டர் கடத்திப் பூட்டி வெச்சிருக்கான், தண்ணி இடுப்பு வரைக்கும் வந்திருச்சு!" என்று வாய் முந்திக்கொண்டது.

'கதையில' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். அதற்குள் பதினோரு பேரும் கண்ணை மூடிவிட்டார்கள். கண்ணை மூடி அழுகிற கூட்டத்தைத் தட்டிக் கூப்பிட்டு, "சும்மா சொன்னேன்" என்று சொல்ல யாருக்குத்தான் தைரியம் வரும்?

இன்றைக்கும் அதே கதைதான். பாஸ்டர் எழுந்து கையை உயர்த்தினார். குரல் உடைந்திருந்தது.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளையைக் கைவிட்டுடாதேயும்! பூட்டைத் திறந்துவிடும்! வாசல்ல படுத்திருக்கிற அந்த நொண்டி நாயோட வாயைக் கட்டிப்போடும்!"

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தையல்காரிக்கு மட்டும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

நொண்டி நாயைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியென்றால் பாஸ்டருக்குத் தரிசனம் கிடைத்திருக்கிறது! நாயைக் காட்டின ஆண்டவர் நாவலைக் காட்டாமலா விடுவார்?

வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள். அவர் சட்டை பட்டனைக் கழற்றியபடியே கேட்டார்: "ஸ்டேஷன்ல அட்ரஸ் கேட்டா என்னடி சொல்லுவே? நூத்துத் தொண்ணூறாம் பக்கம், மேலேர்ந்து மூணாவது வரின்னா?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினாள். ஆனால் சொன்ன பிறகு, 'இனிமேல் அலமாரிப் பக்கமே வராதே' என்று பாஸ்டர் சொல்லிவிட்டால்? அதனால் மிச்சமிருந்த பக்கங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் மனந்திரும்பினாள்.

மறுநாள் ஒன்பதரைக்கே பாஸ்டர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ ஒரு மேஜை டிராயர் சாத்துகிற சத்தம். கதவைத் திறந்த பாஸ்டருக்குக் கண்ணெல்லாம் அழுது சிவந்திருந்தது.

'முன்பின் தெரியாத ஒரு பொண்ணுக்காக இந்த மனுஷன் இப்படி உருகுகிறாரே' என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, ஸ்டேஷனுக்குப் போகாதீங்க. நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அந்த நர்ஸ் பொண்ணு நிஜம் இல்லீங்க, நாவல்ல வர்றவ. பேக்கரியம்மாவைப் பட்டினி போட்டுட்டேன். ஏட்டையா நோட்டுல பாதியை வீணாக்கிட்டேன். உங்களையும் அழ வெச்சுட்டேன்."

பாஸ்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலையைக் குனிந்து மேஜை டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனசு விட்டுப்போயிற்று என்று அவள் பதறினாள். ஆறுதலாக ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா? "ஆனா நம்ம ஜெபம் வீண்போகலைங்கய்யா! நேத்துதான் முழுசாப் படிச்சு முடிச்சேன். கடைசியில அந்தப் பொண்ணு..."

பாஸ்டர் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"சொல்லிடாதீங்கம்மா! நான் இன்னும் அந்த நாய் வர்ற பக்கத்துலதான் இருக்கேன்!"