மூன்றாம் முறை வந்தவர்

பிரிஜட் லிஃப்டை விட்டு வெளியே வந்தபோது அம்மா வீட்டு வாசலில் ஒன்பது ஜோடி காலணிகள் கிடந்தன. எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை. படகு மாதிரி பெரிசு பெரிசாக.

எதிர் வீட்டு ஜைனப் போனில் சொன்னது நிஜம்தான். கப்பலில் ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வந்திருக்கிறார்கள், உங்கம்மா வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்று அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். பிரிஜட் போனைத் தடாலென்று வைத்தாள். ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிளமெண்டியிலிருந்து பஸ் பிடித்துத் தேக்காவுக்கு வந்துவிட்டாள்.

உள்ளே அம்மா பிலோமினம்மாள் மாதா படத்துக்கு முன்னால் கண்ணை மூடி, சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் தலை குனிந்து நின்றார்கள். ஒருவர் மட்டும் தலை குனியாமல் அம்மாவைப் படம் பிடித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

தம்பி அலெக்சாண்டர் சட்டையில் கைடு பேட்ஜோடு சுவரோரம் நின்றான். பிரிஜட் அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"என்னடா இது?"

அவன் தணிந்த குரலில் விளக்கினான். இவர்கள் புதிதாக வந்தவர்கள் இல்லை. டைகர் பாம் கார்டன், பூந்தோட்டம், முதலைப் பண்ணை எல்லாம் போன பயணங்களிலேயே பார்த்துவிட்டார்கள். இப்போது அங்கே கூட்டிப் போனால் பஸ்ஸை விட்டே இறங்க மாட்டார்கள். கூட்டம் போகாத இடமாகத் தேடச் சொல்லி அவனுடைய சுற்றுலா ஆபீசில் சொன்னார்கள். அவன் மூன்று இடங்களை எழுதிக் கொடுத்தான். பொங்கோலில் கம்பம் என்கிற மீனவர் கிராமம், சுவா சூ காங் காய்கறித் தோட்டம், தேக்கா மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு ஒரு தமிழ் வீட்டில் சாப்பாடு. இந்த ஒன்பது பேரும் மூன்றாவதைக் கேட்டார்கள்.

"முதலைக்கு அடுத்தது அம்மாவா?" என்றாள் பிரிஜட்.

"அம்மாகிட்ட கேட்டுத்தான்க்கா செஞ்சேன்."

"அம்மா எதுக்குடா வேணாம்னு சொல்லியிருக்காங்க? ஜெபம் பண்றதைப் போட்டோ எடுக்கிறான், நீ பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுறே. வெட்கமா இல்லே?"

அப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவி உள்ளே வந்தாள். இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரையும் கேட்காமல் மேல் அலமாரியைத் திறந்து, தட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.

பிரிஜட்டுக்குக் காது சிவந்தது. "சொந்த வீடு மாதிரி நுழையறா பாரு. நீ இவங்களையெல்லாம் கூட்டிட்டு வர்றியே, நான் ஒருத்தி இருக்கேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ எப்பக்கா இங்கே..." என்று ஆரம்பித்தான் அலெக்சாண்டர்.

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றார். மகனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மெதுவாகப் பேசச் சொன்னார் அம்மா. கப்பல் வருகிற அன்றைக்குத்தான் தனக்குப் பொழுது போவதே தெரிவதில்லை என்றார். விடிகாலையில் எழுந்து இடியாப்பம் பிழிவதில் ஒரு சிரமமும் இல்லை, தம்பியைத் திட்டாதே என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இருங்க லா. ஊரெல்லாம் உங்க படத்தைக் காட்டிச் சிரிப்பாங்க. இன்னையோட இது நிக்கணும். இவன் சொல்ல மாட்டான். நானே சொல்றேன்."

கூடத்துக்குப் போனாள். இது என் அம்மாவின் வீடு, வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், இனிமேல் வராதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.  ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள்.

இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. படம் பிடித்தவர் கேமராவைப் பையில் போட்டார்.

தட்டு எடுத்துப் போன கிழவி மட்டும் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் பிரிஜட்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிரிஜட் இதை எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டினாள்.

கிழவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கோபம் நியாயம்தான். ஆனா உங்களைப் பார்க்காம போயிடக் கூடாதுன்னுதான் மூணாவது தடவையா இங்கேயே வந்தேன். நீங்க ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சதும் நேரா வந்து, அம்மாவுக்கு எண்ணெய் தேய்ச்சுத் தலை வாரி விடுவீங்களாமே. உங்கம்மா சொன்னதை அப்படியே என் மகளுக்குக் கடிதம் எழுதினேன். அஞ்சு வருஷமா என்னை எட்டிப் பார்க்காதவ, இப்ப மாசம் ஒரு தடவை வர்றா. உங்களுக்கு நன்றி சொல்லணும்."

பிரிஜட் தம்பியைப் பார்த்தாள். அம்மா தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவன் அவன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவி எதைச் சொன்னாள் என்பது பிரிஜட்டின் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது போல, அம்மா மெல்ல அவள் பக்கத்தில் வந்தார். விருந்தாளிகளுக்குத் தமிழ் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொய்தான்மா. கப்பல் போனதும் ஒவ்வொரு தடவையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுறேன். சாமியார் மன்னிச்சுட்டாரு. நீயும் மனசுல வெச்சுக்காதே."